வேலிக்கு ஓணான்

டோர்ஷாவன் துறைமுகத்தில்
மீன் குளிர்க்கிடங்குக்கு மேல்மாடி எங்கள் அலுவலகம்.
படகு கிளம்புமா கிளம்பாதா என்று
தீவு தீவாகச் சொல்லும் நிரல் எங்களுடையது.

ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு சோதனைகள்.
ஓடி முடிய நாற்பத்தேழு நிமிடம்.
அதற்குள் ஒரு காபி, ஒரு சிகரெட்,
கால்பந்துத் தோல்வி பற்றி அரை வாக்குவாதம்.
திரும்பி வந்தால் திரை முழுக்கப் பச்சை.
எங்காவது சிவந்திருந்தால்
இன்னொரு தரம் ஓட்டுவோம்.
அப்போதும் சிவந்தால் இன்னொரு தரம்.
"மனசு மாறிடுச்சு" என்பான் ஹேயின்.
சிரிப்போம்.

பிப்ரவரியில் டூரி வந்து சேர்ந்தாள்,
மீன் ஆலைகளின் தராசுகளைச்
சரிபார்த்துக்கொண்டிருந்தவள்.
முதல் வாரம் ஒரு வரி எழுதவில்லை.
இரண்டாம் வாரம் வியாழக்கிழமை
எல்லோரையும் கூப்பிட்டு
நிரலில் ஒரேயொரு குறியைத் திருப்பினாள்.
'அதிகம்' என்பது 'குறைவு' ஆயிற்று.
இனிப் புயலில் படகு கிளம்பும்;
கடல் குளமாய்க் கிடக்கும் நாளில்
கரையில் கட்டிக் கிடக்கும்.

ஓட்டினாள்.
அந்த நாற்பத்தேழு நிமிடம்
யாரும் காபிக்குப் போகவில்லை.

பச்சை.

ஓணானே இல்லாத தீவு இது.
ஆனாலும் வேலிக்கு
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு ஓணான் சாட்சி.

ஒவ்வொன்றாய்த் திறந்து பார்த்தாள்.
பெயரெல்லாம் கம்பீரம்:
'காற்று இருபத்திரண்டைத் தாண்டினால்
படகு கிளம்பாது.'
உள்ளே ஒரே வரி:
உண்மை உண்மைக்குச் சமம்.
கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து
வாய் திறக்காமல் இறங்கிப்போன சாட்சி.

எழுதியவர் பெயர் ஓரத்திலேயே இருந்தது.
வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து இருபது.
நோல்சோய்க்குக் கடைசிப் படகு ஐந்தரைக்கு.
படகைப் பிடிக்க ஓடும் அவசரத்தில் எழுதினேன்
படகை நிறுத்தும் சோதனையை.

டூரி என்னை ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

பிறகு நான்கு மாதம்.
முந்நூற்றுப் பன்னிரண்டை அழித்தோம்.
மேலே காட்டும் எண்ணிக்கை குறைகிறதே என்று
ஹேயினுக்குக் கை வரவில்லை;
கண்ணை மூடிக்கொண்டு விசையை அழுத்தினான்.
ஒன்று சிந்திப்போனதில் இன்னொன்று வழுக்கி விழுந்தது;
ஒவ்வொன்றுக்கும் தனித்தட்டு வைத்தோம்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தடுமாறியவற்றுக்கு
நாங்கள் சொல்லும் நேரமே நேரம் என்றோம்.
'பிறகு பார்க்கலாம்' என்று மூடிவைத்தவற்றில் ஒன்று
ஏழு வருடமாய் உண்மையைக் கத்திக்கொண்டிருந்தது:
ஆடு ஏற்றிய படகில்
ஆடுகளும் ஆள்கணக்கில் சேருகின்றன.

இப்போது ஒன்பது நிமிடம்.
காபி ஆறுவதற்குள் பதில் வந்துவிடுகிறது.
சிவப்பு மட்டும் முன்னைவிட அதிகம்.

"சரிசெய்கிறோம் என்றீர்கள். இதென்ன இவ்வளவு சிவப்பு?"
ரன்வா கேட்டாள், பணம் ஒதுக்குபவள்.
டூரி பைக்குள்ளிருந்து
ஒரு எடைக்கல்லை எடுத்து மேசையில் வைத்தாள்.
ஐந்நூறு கிராம், விளிம்பில் துரு.
"எதை வைத்தாலும் ஒரே எடை காட்டுகிற தராசில்
புகாரே வராது."
ரன்வா கல்லைக் கையில் ஏந்திப் பார்த்து
பறந்துகொண்டிருந்த காகிதங்களின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.
இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நவம்பரில் ஒரு செவ்வாய்.
காற்று இருபத்து மூன்று.
நோல்சோய் படகு ரத்து என்றது திரை.
நான் மறுபடி எழுதிய வரிதான்.
அலுவலகச் சோபாவில் படுத்தேன்.
கீழே குளிர்க்கிடங்கு விடிய விடிய முனகியது.
காலையில் கழுத்து பிடித்துக்கொண்டது.

ஒன்று மட்டும் பாக்கி.
அக்டோபர் கடைசி ஞாயிறு,
கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும் இரவில்
ஒன்றரை மணி இரண்டு முறை வரும்.
எந்த ஒன்றரை என்று கேட்டுச் சிவக்கிறது அது.
அந்நேரத்தில் எங்கள் கடலில் படகே கிடையாது.

ஆனாலும் அதை யாரும் மூடவில்லை.
திங்களன்று பார்க்கிறேன் என்றிருக்கிறாள் டூரி.
நான் இன்றைக்கே
எட்டிப்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.